இரவுக்கு ஓர் இடம்

தருமபுரிக்குக் கடல் இல்லை. மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது, கன்னியாகுமரி வரை போகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஊரை உரசிக்கொண்டு ஓடுகிறது. கடல் நம்முடைய சாலையின் கடைசியில் இருக்கிறது என்று வேண்டுமானால் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டதும் வீட்டுக்கு வீடு அதே வழக்கு தொடங்கும்: மலையா, கடலா? பிள்ளைகளுக்கு அலை வேண்டும். பெரியவர்களுக்குக் குளிர் வேண்டும், ஆனால் கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றக் கூடாது. சம்பளம் வாங்குகிறவர் டீசல் கணக்கை மனசுக்குள் போட்டபடி பேசாமல் உட்கார்ந்திருப்பார். பல வீடுகளில் இந்த வழக்கு ஒகேனக்கல்லில் ஒரு தட்டு மீன் வறுவலோடு சமரசமாகி முடிந்துவிடுவதும் உண்டு.

ஊர் முடிவான பிறகுதான் உண்மையான சிக்கல் வருகிறது. எங்கே தங்குவது? கைபேசியைத் திறந்தால் நூறு அறைகள். அறை என்று பெயரே தவிர, படத்தில் தெரிவது எல்லாம் ஜன்னல்தான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு, அல்லது அலை, அல்லது மேகம். ஒரே விடுதியில், ஒரே அளவு அறையில், ஒரே மாதிரிக் கட்டிலில், மலையைப் பார்த்த பக்கத்துக்கு ஒரு விலை, வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்த பக்கத்துக்கு இன்னொரு விலை. ‘வியூ’ என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கூடுதல் பணம் கட்டி வியூ வாங்குகிற குடும்பம் என்ன செய்கிறது என்று கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். மதியம் வந்து பெட்டியை வைத்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்புகிறது. இருட்டிய பிறகு திரும்பி வருகிறது. குளிருக்கோ கொசுவுக்கோ பயந்து ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டுப் படுக்கிறது. காலையில் இட்லி தீர்ந்துவிடுமோ என்ற பதற்றத்தில் இறங்கி ஓடுகிறது. காட்சிக்குக் கொடுத்த காசில் பெரும்பகுதி இருட்டுக்குப் போய்ச் சேர்கிறது.

விடுதியில் நாம் உண்மையில் செய்கிற காரியம் தூங்குவது. பார்ப்பதற்கு வெளியே போயாக வேண்டும். ஆனால் தேர்ந்தெடுக்கும்போது மட்டும், ராத்திரி முழுக்கக் கண்ணைத் திறந்து வைத்திருக்கப் போகிறவர்களைப் போலத் தேர்ந்தெடுக்கிறோம்.

காலம் காலமாக அழகான இடங்களில் வாழ்கிறவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று பார்ப்பது இந்த இடத்தில் உதவும். நீலகிரியில் தோடர்களின் பழைய குடில் உலகப் புகழ் பெற்றது. வளைந்த கூரை, தவழ்ந்து நுழைகிற அளவுக்குச் சின்ன வாசல். ஜன்னல் கிடையாது. உலகமே பார்க்க ஓடி வருகிற மலையில் பிறந்தவர்கள், ராத்திரிக்கு அந்த மலையே தெரியாதபடி வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். குளிரும் விலங்கும் உள்ளே வரக் கூடாது, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. பகலெல்லாம் எருமைகளோடு புல்வெளியில் நின்றவனுக்கு வீட்டுக்குள்ளும் புல்வெளி எதற்கு? 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் அந்த மலைக்கு ஏறினார். 1822இல் உதகையில் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார். மேட்டில் வீடு, வீட்டில் பெரிய ஜன்னல், ஜன்னலில் மலை என்கிற ஆசை அந்தத் துரைமார் காலத்துச் சரக்கு என்று எனக்கு ஒரு சந்தேகம். இன்றைய ரிசார்ட்டுகள் அதைத்தான் மாதத் தவணைக் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கின்றன.

எல்லாத் துரைமாரும் அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான தாமஸ் மன்றோ, 1792 முதல் 1799 வரை, பாராமகால் எனப்பட்ட நம் வட்டாரத்தில், கேப்டன் ரீடின் கீழ் வரி அதிகாரியாக இருந்தார். அவர் தங்கியது சமவெளியில், நம் தருமபுரியில். இங்கே ஒரு தோட்டம் போட்டார், அதைப் பற்றி வாஞ்சையோடு கடிதங்களில் எழுதினார். அருவியும் இல்லை, சிகரமும் இல்லை. ஏழு வருஷம் ஒருவரைக் கட்டிப்போட ஒரு கிணறும் நாலு மரமும் தினமும் வந்து முறையிடும் குடியானவர்களும் போதுமாக இருந்திருக்கிறது.

ஒகேனக்கல்லுக்கு வருவோம். தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர், பென்னாகரம் தாண்டிக் காட்டு வழியில் இறங்க வேண்டும். பெங்களூரிலிருந்து சனிக்கிழமை வருகிற கூட்டத்துக்கு அது அருவி. நமக்கு அது எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற இடம், ஆடிப்பெருக்குக்குப் போகிற இடம், மீனை வாங்கிக் கொடுத்து அங்கேயே குழம்பு வைக்கச் சொல்லிச் சாப்பிடுகிற இடம். ஆற்றை ஒட்டி அறை கிடைக்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ராத்திரி தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்க வேண்டுமாம். ஆசை நியாயமானதுதான். ஆனால் பரிசல் ஓட்டுகிறவர்களைக் கேட்டால், தண்ணீர்ச் சத்தம் மாறுகிற ராத்திரியில் யாரும் தூங்குவதில்லை என்பார்கள்.

அந்தச் சத்தம் ஒகேனக்கல்லில் உண்டாவது இல்லை. குடகிலும் வயநாட்டிலும் பெய்கிற மழை, கிருஷ்ணராஜ சாகரும் கபினி அணையும் நிரம்பினால் திறந்துவிடப்பட்டு நம்மிடம் வருகிறது. வருவதை எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் நிலையத்தில் அளக்கிறார்கள். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் நமக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீர் என்று தீர்ப்புச் சொன்னதே, அந்தக் கணக்கும் இதே பிலிகுண்டுலுவில்தான் பார்க்கப்படுகிறது. செய்தித்தாளில் தினமும் மூலையில் வரும்: நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, பரிசல் இயக்கத் தடை, அருவியில் குளிக்கத் தடை. வெளியூர்க்காரருக்கு அது விடுமுறையைக் கெடுக்கிற செய்தி. ஊட்டமலையில் ஆற்றோரம் குடியிருப்பவருக்கு, பாயைச் சுருட்ட வேண்டுமா வேண்டாமா என்கிற செய்தி. வெள்ளக் காலத்தில் அளவு ஏற ஏற, கரையோரம் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை வரும், மேட்டுக்குப் போகச் சொல்லி ஆள் வரும்.

2024 ஜூலை கடைசியில் ஒகேனக்கல்லில் நீர்வரத்து ஒன்றரை லட்சம் கன அடியைத் தாண்டியது. 30ஆம் தேதி மாலை மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. டெல்டாவுக்கு நல்ல சேதி. அதே ஜூலை 30, விடியுமுன், வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. மழை ஒன்றுதான். மலையின் கிழக்கே இறங்கியது கபினி வழியாக நம் அருவிக்கு வந்தது. மேற்கே இறங்கியது சாலியாற்றில் வீடுகளையும் மனிதர்களையும் இழுத்துக்கொண்டு போனது. நள்ளிரவு தாண்டி வந்தது அந்த நிலச்சரிவு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், கடைக்காரர்கள், விருந்தாளிகள், எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த நேரம்.

கடல் பக்கமும் இதே கதை உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது, பாம்பனிலிருந்து வந்த ரயிலோடு சேர்த்து. அதன் பிறகு அது குடியிருக்க லாயக்கில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. இப்போது அரிச்சல்முனை வரை நல்ல சாலை இருக்கிறது. ஆயிரக்கணக்கில் போய்ப் பார்க்கிறார்கள், பொழுது சாய்வதற்குள் காவலர்கள் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். படுக்கை ராமேஸ்வரத்தில். தமிழ்நாட்டில் பார்க்கிற இடமும் படுக்கிற இடமும் இவ்வளவு கறாராகப் பிரிக்கப்பட்ட ஊர் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. அங்கேயும் சில மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு இருக்கத்தான் செய்கின்றன. தண்ணீரும் மின்சாரமும் பற்றாத மணலில் அவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்று வந்தவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள்.

பதில் எளிது. மீனவருக்குக் கடலைப் பார்ப்பது வேலை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கரையிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டி வந்தால் புது வீடு என்று அரசு சொன்னபோது, பல குப்பங்களில் முணுமுணுப்பு எழுந்தது. வீடு வேண்டாம் என்பது இல்லை. தண்ணீர் எந்த நிறத்தில் கிடக்கிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, போன படகு திரும்புகிறதா என்று வாசலில் நின்று பார்க்க முடியாத இடத்தில் எப்படி இருப்பது என்பதுதான் அவர்கள் கேள்வி. நாம் காசு கொடுத்து வாங்குகிற அதே வியூ அவர்களுக்குக் காவல். அவர்கள் பார்ப்பது அழகை இல்லை, வரப்போவதை.

இங்கேதான் என் மனசு சிக்கி நின்றது. காட்சி அருகில் இருப்பதற்கு நியாயம் உள்ளவர்கள், அதைப் பார்த்தபடி விழித்திருப்பவர்கள். நாமோ அதே அருகாமையில் போய்க் கண்ணை மூடப் போகிறோம். அப்படியானால் அறையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, ஜன்னலில் என்ன தெரிகிறது என்பதே இல்லை. நான் தூங்கும்போது அங்கே யார் விழித்திருக்கிறார்கள்?

தருமபுரிச் சுற்றுவட்டாரத்தின் இரவை ஒரு முறை மேலிருந்து பார்க்கிற மாதிரி நினைத்துப் பார்க்கலாம். பிலிகுண்டுலுவில் ஒருவர் அளவுகோலில் டார்ச் அடிக்கிறார். பென்னாகரத்துக் காட்டோரம், ராகிக்கும் நிலக்கடலைக்கும் யானை வராமல் இருக்க ஒரு விவசாயி பரண் மேல் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் தகர டப்பா, மடியில் பட்டாசு. அவருக்குத் தூக்கம் என்பது பயிர் அறுத்த பிறகு வருகிற விருந்தாளி. தொப்பூர் கணவாயில் லாரிகள் பிரேக்கை நம்பி இறங்குகின்றன. ஒகேனக்கல் விடுதி ஒன்றில் ரூம் பாய் வரவேற்பு மேசைக்குக் கீழே போர்வையை விரித்துப் படுத்திருக்கிறான், மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும். இத்தனை பேருக்கு நடுவே எங்கோ ஓர் அறையில், வியூவுக்குக் கூடுதல் பணம் கட்டியவர் குறட்டை விடுகிறார்.

விழிப்பதற்குப் பதிலாகக் கம்பி போட்டுவிடலாம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளிப் பக்கம் சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்து விழுந்தன. இரண்டு குட்டிகள் மட்டும் தப்பித் தாயைச் சுற்றிச் சுற்றி வந்தன. நாடே படம் பார்த்தது. பரண் மேல் இருந்த மனிதனின் இடத்தை வயர் எடுத்துக்கொண்டபோது நடந்தது இது. கம்பி விழித்திருக்கும், ஆனால் அதற்கு ஆள் தெரியாது. மலை ரிசார்ட்டுகளில் காம்பவுண்டைச் சுற்றி மின்வேலி, மூலைக்கு ஒரு கேமரா என்று விளம்பரம் செய்வதைப் பார்த்தால் எனக்கு அந்தக் குட்டிகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. கேமராவும் அப்படித்தான். நடந்ததைக் காட்டும், வந்து கதவைத் தட்டாது.

நம் வீடுகளில் பழைய கேள்வி சரியாகத்தான் இருந்தது. வெளியூர் போகிறேன் என்றால், பார்க்க என்ன இருக்கிறது என்று எந்தப் பாட்டியும் கேட்டதில்லை.

“ராத்திரிக்கு யார் வூட்ல தங்குவ?”

“சின்னம்மா வூட்ல, ஆயா.”

“அப்ப சரி.”

சின்னம்மா வீடு கொசுக்கடி, ஒரே ஒரு மின்விசிறி, குளிக்க வரிசை. எதுவும் பொருட்டில்லை. அந்த ‘அப்ப சரி’க்குள் எல்லாம் அடங்கிவிடும். நடுராத்திரி காய்ச்சல் வந்தால் எழுந்து வெந்நீர் வைக்க ஓர் ஆள் உண்டு என்பதுதான் பாட்டியின் ஐந்து நட்சத்திரம். சின்னம்மா இல்லாத ஊர்களுக்குத்தான் சத்திரமும் மடமும் திண்ணையும் இருந்தன. திண்ணையில் படுத்த வழிப்போக்கனுக்குக் காட்சி என்று பார்த்தால் எதிர்வீட்டுத் திண்ணை. ஆனால் உள்ளே ஒரு குடும்பம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

இன்றைய தருமபுரிதான் அன்றைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் வீட்டில் தங்கிய ஔவையார் அதைப் பற்றிச் சொன்ன இரண்டு சேதிகள் புறநானூற்றில் இருக்கின்றன. ஒன்றில், ஒரு நாள் போனாலும் பல நாள் பலரைக் கூட்டிக்கொண்டு போனாலும் முதல் நாள் காட்டிய ஆசை அவனிடம் குறைவதே இல்லை என்கிறார். இன்னொன்றில், பரிசில் தாமதமாகிறது. வாயில் காப்போனிடம் கோபத்தைக் கொட்டிவிட்டு, மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்படத் தயாராகிறார், தனக்கு வேறு எங்கும் அடுப்பு எரியாமலா போய்விடும் என்று. ஒரே வீட்டுக்கு ஒரே விருந்தாளி கொடுத்த ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும். இரண்டிலும் தகடூர்க் கோட்டையிலிருந்து என்ன தெரிந்தது என்று ஒரு சொல் கிடையாது. நல்ல பாட்டிலும் கெட்ட பாட்டிலும் அவர் அளப்பது ஒன்றையே: நான் இருப்பது அந்த வீட்டுக்கு நினைவில் இருக்கிறதா? அந்தக் கோபம் போய்ச் சேர்ந்தது வாசலில் விழித்து நின்றவனிடம் என்பதும் கவனிக்க வேண்டியது. இன்றைக்கும் அறையில் வெந்நீர் வரவில்லை என்றால் திட்டு வாங்குகிறவன் ரூம் பாய்தான்.

இந்த மாவட்டத்தில் இன்னொரு விதமான தங்கலும் உண்டு, எந்த விளம்பரத்திலும் வராதது. பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்குப் பல தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை மேல் ஏறின. பின்னாலேயே தேர்தல் பணியாளர்கள் கல்லும் முள்ளுமான பாதையில் நடந்து ஏறுவார்கள். அங்கேயே இரவு தங்கி மறுநாள் வாக்குப்பதிவு நடத்த வேண்டும். ஊரில் ஆசிரியர், எழுத்தர் என்று இருக்கிறவர்கள், ஒரு ராத்திரிக்கு மலைக்காரர்களின் விருந்தாளிகள். எங்கே தண்ணீர் எடுப்பது, இருட்டில் எந்தப் பக்கம் போகக் கூடாது, நாய் எதைப் பார்த்துக் குரைக்கிறது, எல்லாவற்றுக்கும் அந்த ஊர் ஆட்களைத்தான் கேட்டாக வேண்டும். அரசாங்க முத்திரையோடு போனவர்களும் பாயை விரித்த பிறகு அந்த ஊரின் கையில்தான்.

தங்குவது என்றால் இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஓர் ஊரைப் பார்க்க நம் கண் போதும். அந்த ஊரில் உறங்க இன்னொருவர் கண் வேண்டும். நம் ஒவ்வொரு தூக்கமும் யாரோ ஒருவருடைய விழிப்பின் மேல் படுத்திருக்கிறது. அம்மா, காவல்காரர், ஆற்றை அளக்கிறவர், பரண் மேல் இருக்கிறவர், மருத்துவமனையில் இரவுப் பணிச் செவிலியர் என்று ஆள் மாறுகிறார்களே தவிர, அந்த இடம் காலியாக இருக்கும்போது நாம் தூங்கியதே இல்லை. தூங்கியிருந்தால் அது தெரியாமல் செய்த துணிச்சல். விடுமுறையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் மாற்றிக்கொள்வது காட்சியை என்று நினைக்கிறோம். மாற்றிக்கொள்வது நமக்காக விழிக்கிறவரை. அவர் யார், அவருக்கு அந்த ஆறும் மலையும் தெரியுமா, போன வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று அவரால் சொல்ல முடியுமா? சொல்ல முடிந்தால், ஜன்னல் சுவரைப் பார்த்திருந்தாலும் அது நல்ல அறை. பென்னாகரத்தில் ஒரு சாதாரண லாட்ஜில் படுத்து, விடிந்ததும் பேருந்தில் அருவிக்கு இறங்கி, பொழுது இருக்கும்போதே மேலே வந்துவிடுகிறவரை நான் ரசனை கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

இந்த வரிசையில் விட்டுப்போகிற ஒருவர் இருக்கிறார். நம் குடும்பத்தை மலைக்கும் கடலுக்கும் கூட்டிப்போகிற வாடகை வண்டியின் டிரைவர். பகலெல்லாம் அவர் விழிப்பின் மேல்தான் பின் இருக்கையில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். திரும்பி வரும்போது தொப்பூர் கணவாயில் ஒரு நொடி அவர் கண் சொக்கினால், எந்த வியூவும் மிஞ்சாது. அவர் முந்தின இரவு எங்கே படுத்தார்? பெரும்பாலும் சீட்டைச் சாய்த்து, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, கொசுவோடும் ஊட்டிக் குளிரோடும், காருக்குள்ளே. பல்துலக்கப் பொதுக் கழிப்பறையைத் தேடிப் போவார். 2023இல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தி, விடுதிகளில் ஓட்டுநர்களுக்குத் தங்கும் கூடமும் கழிப்பறையும் வேண்டும் என்று கொண்டுவந்தது. சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே நம் விருந்தோம்பலின் கதையைச் சொல்லிவிடுகிறது. விதி வந்துவிட்டது, படுக்கை எல்லா இடத்திலும் வந்துவிட்டதா என்பதை அவரவர் போய் இறங்குகிற விடுதியில்தான் பார்க்க வேண்டும்.

அறை பதிவு செய்யப் போன் போட்டால் இப்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: டிரைவருக்குப் படுக்கை உண்டா? “அவங்க வண்டியிலேயே படுத்துக்குவாங்க சார்” என்று பதில் வந்தால், அந்த ஜன்னலில் இமயமலையே தெரிந்தாலும் அடுத்த எண்ணுக்குப் போய்விடுகிறேன்.